எர்ணாகுளம் ஜங்ஷன்: கொங்கு நாட்டிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்குச் சென்னிமலையில் பெட்ஷீட், துண்டு வியாபாரம். கொச்சியில் சில கடைகளுக்குச் சரக்கு கொடுக்கிறேன். ஈரோட்டில் ரயில் ஏறி எர்ணாகுளம் போய் வருவது எனக்கு இருபது வருஷத்துக்கு மேலான பழக்கம். ஊரில் யாராவது அந்தப் பக்கம் கிளம்பினால் முதல் நாள் ராத்திரி போன் வந்துவிடும். "ஏனுங்க, கொச்சின் போகோணும், எங்க எறங்கறதுங்க?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கொச்சிக்கு டிக்கெட் எடுக்கப் பார்த்தால் எர்ணாகுளம் ஜங்ஷன், எர்ணாகுளம் டவுன் என்று இரண்டு வருகிறதே, எதில் இறங்குவது?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். அதிகப் பேர் தப்பு செய்வதும் இதில்தான். ஜங்ஷனை உள்ளூர்க்காரர்கள் சவுத் என்பார்கள், டவுனை நார்த் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் கையில் மூட்டையோ கூடவே வயசான அம்மாவோ இருந்தால் அந்தத் தூரம் பெரிய தூரம்.

என் முதல் பயணத்தில் சரக்கு வாங்க வந்த ஆள் சவுத்தில் காத்திருந்தார். நான் நார்த்தில் இறங்கி நின்றேன். அன்று கையில் செல்போன் கிடையாது. ஒன்றரை மணி நேரம் பிளாட்பாரத்தில் தேடிவிட்டு அவர் போய்விட்டார். அந்த ஆர்டரும் போனது. அதனால்தான் இந்த விஷயத்தில் யார் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லுகிறேன்.

பொது விதி இது. ஆலப்புழை வழியாகப் போகும் வண்டியும், எர்ணாகுளத்தோடு முடியும் வண்டியும் பெரும்பாலும் ஜங்ஷனுக்கு வரும். கோட்டயம் வழியாகத் திருவனந்தபுரம் போகும் வண்டி பெரும்பாலும் டவுனில் மட்டும் நின்றுவிட்டுப் போய்விடும். டிக்கெட்டில் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். ஈ.ஆர்.எஸ் என்றால் ஜங்ஷன், ஈ.ஆர்.என் என்றால் டவுன்.

ஒரே ஊரில் ஏன் இப்படி? எல்லா வண்டியும் ஜங்ஷனுக்கே வந்தால் என்ன?

தடம் போட்டிருக்கும் விதம் அப்படி. திருச்சூர், ஆலுவா பக்கமிருந்து வரும் தண்டவாளம் டவுன் ஸ்டேஷனைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று நேராக ஜங்ஷனுக்குள் நுழைந்து அப்படியே ஆலப்புழைக்குப் போகிறது. இன்னொன்று திருப்பூணித்துறை வழியாகக் கோட்டயத்துக்குத் திரும்பிவிடுகிறது. கோட்டயம் போகும் வண்டி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டால், மறுபடி வந்த வழியே வெளியேற வேண்டும். எஞ்சினைக் கழற்றி, அடுத்த முனையில் கொண்டுபோய் மாட்ட வேண்டும். அதற்கே இருபது நிமிஷம், அரை மணி போய்விடும். அத்தனை நேரமும் ஒரு பிளாட்பாரம் அடைபட்டுக் கிடக்கும். திருவனந்தபுரம் – ஷொரணூர் வேணாடு எக்ஸ்பிரஸ் பல வருஷம் அப்படித்தான் ஓடியது. 2024 மே மாதம் அதையும் ஜங்ஷனுக்கு வராமல் டவுன் வழியே திருப்பிவிட்டார்கள். சவுத்தில் இறங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய வருத்தம்.

கோட்டயம் பாதை 1956-இல் வந்தது. ஆலப்புழை பாதை 1989-இல்தான் வந்தது. ஒரே நாளில் திட்டம் போட்டுக் கட்டியிருந்தால் வேறு மாதிரி அமைத்திருப்பார்கள். ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒரு பாதையைச் சேர்த்ததால் இப்படி ஆகியிருக்கிறது.

நம் பக்கமிருந்து ஜங்ஷனுக்கே நேராகப் போகும் வண்டிகள் எவை?

எனக்குப் பிடித்தது பெங்களூரு – எர்ணாகுளம் இன்டர்சிட்டி. காலையில் பெங்களூரில் கிளம்பி சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை வழியாகச் சாயங்காலம் ஜங்ஷனில் முடிகிறது. பகல் வண்டி என்பதால் பாலக்காட்டுக் கணவாயைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம். 2025 நவம்பரிலிருந்து அதே வழியில் வந்தே பாரத் ஒன்றும் ஓடுகிறது. கோவையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. கட்டணம் தாங்கும் என்றால் சுகமான பயணம்.

சென்னை – ஆலப்புழை எக்ஸ்பிரஸ், தன்பாத் – ஆலப்புழை எக்ஸ்பிரஸ் இரண்டும் ஜங்ஷனுக்கு வரும். அப்புறம் காரைக்கால் – எர்ணாகுளம் டீ கார்டன் எக்ஸ்பிரஸ். கிழக்குக் கடற்கரையையும் மேற்குக் கடற்கரையையும் கொங்கு நாட்டின் குறுக்கே கோத்துக்கொண்டு ஓடும் வண்டி அது. திருச்சி, கரூர் வழியாக வந்து ஈரோட்டில் நம்மை ஏற்றிக்கொள்ளும். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வழியே ஈரோட்டுக்குத் தண்டவாளம் 1868-லேயே வந்துவிட்டது. அந்தத் துறைமுகப் பாதையின் மேல்தான் இன்றும் இது ஓடுகிறது. இந்த வண்டியில் ஏறும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

திருவனந்தபுரம் மெயில், ஐலண்ட் எக்ஸ்பிரஸ், சபரி எக்ஸ்பிரஸ், கேரளா எக்ஸ்பிரஸ் ஆகியவை கோட்டயம் வழி. இவற்றில் ஏறினால் டவுன்தான். நேரமும் நிறுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கிளம்பும் முன் 139-க்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வண்டி கோவை ஜங்ஷனுக்கு வருமா, போத்தனூரோடு போய்விடுமா?

சேலம், ஈரோடு பக்கமிருந்து வரும் தடம் இருகூரில் பிரிகிறது. ஒன்று கோவை ஜங்ஷனுக்குள் போய்ப் போத்தனூருக்கு வருகிறது, இன்னொன்று நேராகப் போத்தனூருக்கே போய்விடுகிறது. சில வண்டிகள் இந்த நேர்வழியில் போய்விடும். கோவைக்காரர்களுக்கு இதில் நெடுநாள் மனக்குறை உண்டு. அது நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். டிக்கெட் எடுக்கும்போது ஏறும் இடம் கோவையா போத்தனூரா என்று ஒருமுறைக்கு இரண்டு முறை பாருங்கள்.

ஒரு விஷயம் தெரியுமா, முதலில் வந்தது போத்தனூர்தான். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் பாதை போட்டபோது வெள்ளைக்காரர்களுக்கு வேண்டியிருந்தது துறைமுகம். கோழிக்கோட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பேப்பூரை நோக்கி 1862-இல் போத்தனூர் வழியாகவே பாதையைப் போட்டு முடித்தார்கள். கோவை ஊருக்குள் ரயில் வர அதற்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

எவ்வளவு நேரம் ஆகும்? மதுக்கரை தாண்டியதும் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது?

கோவையிலிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், ஈரோட்டிலிருந்து 300. சாதாரண எக்ஸ்பிரஸ் என்றால் கோவையிலிருந்து நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகப் போவது யானைக்காக. மதுக்கரையிலிருந்து வாளையாறு, கஞ்சிக்கோடு வரை தண்டவாளம் காட்டோரமாகப் போகிறது. யானைகள் தண்ணீருக்கும் தீனிக்கும் காலங்காலமாகக் கடந்த இடம் அது. 2021 நவம்பரில் நவக்கரைக்குப் பக்கத்தில் ஒரே ராத்திரியில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தன. அதில் ஒன்று சினையாக இருந்தது. அடுத்த வாரம் அதே வழியில் போனேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள், யாரும் பேசவில்லை. 2024-இல் தமிழ்நாடு வனத்துறை அங்கே கோபுரங்கள் நட்டு, கேமரா வைத்து, யானை நெருங்கினால் ரயில்வேக்குத் தகவல் போகும்படி செய்திருக்கிறது. அந்த இடத்தில் வண்டி ஊர்ந்தால் ஊரட்டும். பத்து நிமிஷம் லேட்டானதற்காக யாரும் டிரைவரைத் திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எர்ணாகுளம் வந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்து நிற்கிறோம், வண்டி ஊருக்கு வெளியே நின்றுவிடுகிறதே?

அவுட்டரில் நிற்பது என்பார்கள். ஜங்ஷனில் ஆறு பிளாட்பாரம். அங்கிருந்தே கிளம்பும் வண்டி, அங்கேயே முடியும் வண்டி, கடந்துபோகும் வண்டி எல்லாம் அந்த ஆறுக்குள் அடங்கியாக வேண்டும். உள்ளே ஒன்று நகர்ந்தால்தான் வெளியே நிற்பதற்கு இடம். இதில் ஸ்டேஷனைப் புதுப்பித்துக் கட்டும் வேலையும் சேர்ந்துகொண்டது. கையில் மூட்டையோடு வாசலில் நிற்காமல் உட்கார்ந்திருங்கள். அவசரம் என்று தண்டவாளத்தில் குதித்து நடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பக்கத்துத் தடத்தில் எது எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

துறைமுக ஊர் என்கிறார்கள், ஸ்டேஷனில் இறங்கினால் கடலையே காணோமே?

ஜங்ஷன் துறைமுகத்துக்குள் இல்லை, ஊருக்குள் இருக்கிறது. கடலும் காயலும் மேற்கே கொஞ்சம் தள்ளி. ஆனால் இந்த ரயிலே துறைமுகத்துக்காக வந்ததுதான். அந்தக் கதையை நான் விரும்பிச் சொல்வேன்.

ஷொரணூர் வரை சென்னைப் பாதை 1860-களிலேயே வந்துவிட்டது. கொச்சி சமஸ்தானத்துக்கு அதில் பங்கில்லை. அங்கிருந்து எர்ணாகுளத்துக்குப் பாதை வேண்டும் என்று கொச்சி மன்னர் ராமவர்மா முனைந்து நின்றார். பணம் போதவில்லை. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலில் யானைகளுக்குச் சார்த்தும் தங்க நெற்றிப்பட்டம் பதினைந்து இருந்தன. பதினான்கை விற்றுப் பாதைக்குக் கொடுத்தார். 1902 ஜூலையில் பயணிகள் ரயில் ஓடியது. நாடாள்கிறவர் சாமி நகையை விற்றுத் தண்டவாளம் போட்டார் என்றால், ரயில் இல்லாமல் துறைமுகம் பிழைக்காது என்று அவருக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்!

அந்த முதல் ஸ்டேஷன் இன்றைய ஜங்ஷன் இல்லை. ஹைகோர்ட்டுக்குப் பின்புறம், காயலுக்குப் பக்கத்தில் இருந்த எர்ணாகுளம் டெர்மினஸ் அது. இப்போது புதர் மண்டிக் கிடக்கிறது. சவுத் ஸ்டேஷன் 1932-இல் வந்தது. அதற்குள் ராபர்ட் பிரிஸ்டோ என்ற துறைமுகப் பொறியாளர் கொச்சியின் முகத்தையே மாற்றியிருந்தார். 1920-இல் வந்தவர், முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்த மணல்திட்டை வெட்டிப் பெரிய கப்பலுக்கு வழி செய்தார். தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி ஒரு தீவையே எழுப்பினார். அதுதான் வில்லிங்டன் தீவு. 1943-இல் ரயில் அந்தத் தீவுக்குள்ளேயே போய்விட்டது. ஸ்டேஷன் பெயர் கொச்சின் ஹார்பர் டெர்மினஸ். ஐலண்ட் எக்ஸ்பிரஸ் என்று இன்றும் ஈரோடு வழியே ஒரு வண்டி ஓடுகிறதே, அந்தப் பெயரில் இருக்கும் ஐலண்ட் இந்தத் தீவுதான். இப்போது அந்த வண்டி தீவுக்குப் போவதில்லை, பெயர் மட்டும் கூடவே ஓடுகிறது. ஹார்பர் டெர்மினஸில் வழக்கமான பயணிகள் வண்டி நின்று வெகுகாலம் ஆகிறது. நான் ஒருமுறை ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்தேன். அந்த அமைதியில் நிற்கும்போது மனசு கனத்தது.

கொங்கு நாட்டுச் சரக்கு ரயிலில் கொச்சித் துறைமுகத்துக்குப் போகிறதா?

போக வழி இருக்கிறது. வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் 2011-இல் திறந்தது. அதற்காக இடப்பள்ளியிலிருந்து ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு தனிப் பாதை போட்டார்கள். அதில் பாதிக்கு மேல், 4.62 கிலோமீட்டர், வேம்பநாட்டுக் காயல் மேல் பாலமாகவே போகிறது. ஆனால் திருப்பூர் பனியன் சரக்கில் பெரும்பகுதி தூத்துக்குடிக்குத்தான் போகிறது, அதுவும் லாரியில்.

பழைய காலத்தில் நிலைமை வேறு. எங்கள் சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே கல்மணி அறுத்துப் பட்டை தீட்டியிருக்கிறார்கள், இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அந்தச் சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் மேற்கே சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்குப் போனது. 1341-இல் வந்த பெருவெள்ளம் முசிறியைத் தூர்த்துவிட்டுக் கொச்சியில் புது முகத்துவாரத்தைத் திறந்தது என்று சொல்வார்கள். இன்றைக்கு இன்டர்சிட்டி போகிறதே, கிட்டத்தட்ட அதே வழி.

தப்பான ஸ்டேஷனில் இறங்கிவிட்டால்?

பதற வேண்டாம். டவுன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் டவுன் ஹால் மெட்ரோ இருக்கிறது. ஏறினால் எம்.ஜி. ரோடு, மகாராஜாஸ் காலேஜ், அடுத்தது எர்ணாகுளம் சவுத். 2019-க்குப் பிறகு இந்த வசதி. ராத்திரி மெட்ரோ நின்ற பிறகு என்றால் ஆட்டோதான்.

கோயிலுக்குப் போகிறோம், ஜங்ஷனில்தான் இறங்க வேண்டுமா?

எந்தக் கோயில் என்பதைப் பொறுத்தது. குருவாயூர் என்றால் திருச்சூரிலேயே இறங்கிவிடுங்கள். ஆதிசங்கரர் பிறந்த காலடிக்கு அங்கமாலி. சபரிமலைக்குக் கோட்டயம் அல்லது செங்கன்னூர். எர்ணாகுளத்தில் இறங்கினால் வீண் அலைச்சல். சோற்றானிக்கரை பகவதிக்கு மட்டும் எர்ணாகுளம் சரி. சவுத்திலிருந்து மெட்ரோவில் கடைசி ஸ்டேஷனான திருப்பூணித்துறை வரை போய், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். 2024 மார்ச்சிலிருந்து மெட்ரோ அதுவரை போகிறது. விமானம் பிடிக்கப் போகிறவர்கள் எர்ணாகுளம் வரை வரவே கூடாது. நெடும்பாசேரிக்கு ஆலுவா அல்லது அங்கமாலிதான் பக்கம்.

வைக்கத்தில் பெரியார் நினைவிடம் பார்க்க வேண்டும். எப்படிப் போவது?

ஈரோட்டுக்காரர்கள் இதைக் கேட்கும்போது எனக்குத் தனி சந்தோஷம். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924-இல் பெரியார் போய்ச் சிறைப்பட்ட ஊர். அன்றைக்கு எர்ணாகுளத்தோடு தண்டவாளம் முடிந்துவிடும். காந்தி 1925-இல் வைக்கம் போனபோதும் எர்ணாகுளத்திலிருந்து படகில்தான் போனார். இன்று கோட்டயம் பாதையில் வைக்கம் ரோடு என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. ஆனால் ஊர் அங்கிருந்து தள்ளி இருக்கிறது, எல்லா வண்டியும் நிற்பதும் இல்லை. எர்ணாகுளத்தில் இறங்கி பஸ்ஸில் போவதே நல்லது. நினைவிடத்தைப் புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்திருக்கிறார்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறது, ஃபோர்ட் கொச்சி பார்க்க முடியுமா?

தாராளமாக. ரோட்டில் போகாதீர்கள், தண்ணீரில் போங்கள். ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ படகு ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறது. எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து அரசுப் படகும் உண்டு. கப்பல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம். குழந்தைகளைக் கூட்டிப் போனால் இதுவே போதும்.

துணி மூட்டையோடு ரயிலில் ஏறலாமா?

அளவுண்டு. ஸ்லீப்பரில் ஒருவருக்கு 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ வரை இலவசம். அதற்கு மேல் என்றால் கிளம்பும் ஸ்டேஷனில் பார்சல் ஆபீசுக்கு முன்கூட்டியே போய் எடை போட்டுப் பணம் கட்டிவிடுங்கள். பண்டிகை சமயத்தில், குறிப்பாக ஓணத்துக்கு முந்தின இரண்டு வாரம், நடைபாதையை மூட்டையால் அடைத்துவிட்டு டிக்கெட் பரிசோதகரோடு சண்டை போடுகிற நம் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கூட வருகிறவர்களுக்கும் கால் வைக்க இடம் வேண்டும். நான் இப்போது மாதிரி மட்டும் கையில் எடுத்துப் போகிறேன், சரக்கை லாரியில் அனுப்பிவிடுகிறேன்.

மலையாளம் தெரியாதே, சமாளிக்க முடியுமா?

முடியும். தமிழில் மெதுவாகப் பேசுங்கள், புரிந்துகொள்வார்கள். ஆட்டோக்காரரிடம் "சேட்டா" என்று கூப்பிட்டு, போகும் இடத்தைச் சொன்னால் போதும். பெண்களை "சேச்சி" என்பார்கள். ஸ்டேஷனில் பிரீபெய்ட் ஆட்டோ கவுன்ட்டர் இருந்தால் அதில் சீட்டு வாங்கிவிடுங்கள், பேரம் பேசும் வேலை மிச்சம். பசித்தால் ஒரு பழம்பொரியும் டீயும். பழம்பொரி நேந்திரம்பழத்தில் போடுவது, நம் ஊர் வாழைக்காய் பஜ்ஜி மாதிரி இருக்காது, இனிக்கும்.

திரும்பி வரும்போது எங்கே ஏறுவது?

போகும்போது பார்த்த மாதிரியே வரும்போதும் டிக்கெட்டில் குறியீட்டைப் பாருங்கள். ஜங்ஷனில் இறங்கினோம், அங்கேயே ஏறலாம் என்று நினைத்துக்கொண்டு போய், வண்டி டவுனில் நின்று போய்விட்ட கதைகள் நிறைய. இன்டர்சிட்டி காலையில் ஜங்ஷனிலிருந்தே கிளம்புவதால் முன்பதிவு இல்லாதவர்களுக்கும் சீக்கிரம் போனால் உட்கார இடம் கிடைக்கும். வந்தே பாரத் மதியத்துக்கு மேல். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் தொடங்குகிறது. ஓணம், சபரிமலை சீசன் என்றால் தொடங்கும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். வாளையாறு வரும்போது பகலாக இருந்தால் வலது பக்கத்தை விட்டு இடது பக்கச் சன்னலில் உட்காருங்கள், மலை அந்தப் பக்கம்தான்.